வீட்டுக்காரர் கையெழுத்தில் நிற்கும் ஓட்டுநர் உரிமம்

ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம் எடுக்க ஆகும் செலவு அரசியல் பேசுபொருளாகிவிட்டது. சாதாரண கார் உரிமத்துக்குச் சராசரியாக 3,400 யூரோ ஆகிறது என்று கூறி, அதைக் குறைப்பதற்கான யோசனைகளை 2025 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் பாட்ரிக் ஷ்னீடர் முன்வைத்தார். அதே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உரிமங்களுக்கான புதிய விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. கட்டணம், வகுப்புகள், கைபேசிச் செயலி என்று விவாதம் விரிகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவரை முதல் படியிலேயே நிறுத்திவைக்கும் வசிப்பிடச் சான்று பற்றிய பேச்சு அதில் மிகக் குறைவு.

தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி, பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையம் வழியாக, ஜெர்மனிக்குள் வந்த ஈழத் தமிழர்கள் இன்று எசன், டோர்ட்முண்ட், வுப்பர்டால், ஸ்டுட்கார்ட், பெர்லின் என்று வேரூன்றியிருக்கிறார்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் ஆலயம் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மென்பொருள் பொறியாளர்கள், வாகனத் துறைப் பொறியாளர்கள், செவிலியர்கள், முதுநிலை மாணவர்கள் இப்போது அவர்களோடு சேர்கிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். திறன்மிகு இந்தியப் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதென 2024-இல் ஜெர்மனி முடிவெடுத்தது. ஆள் வேண்டும் என்று அழைக்கும் நாடு, வந்தவர் வேலைக்குப் போய்வர வழி செய்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பெர்லினிலோ மியூனிக்கிலோ இருப்பவருக்குச் சுரங்க ரயில் இருக்கிறது. உரிமம் இல்லாமலே காலம் தள்ளலாம். சிற்றூர்த் தொழிற்சாலையில் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு முதல் பேருந்தே வேலை தொடங்கிய பிறகுதான் வரும். முதியவர்களை அவரவர் வீட்டுக்கே சென்று கவனிக்கும் செவிலியர் பணியில், கார் உரிமம் வேலைத் தகுதியாகவே கேட்கப்படுகிறது. ஒரு காலை நேரத்தில் பல வீடுகளுக்குப் போய், ஒருவருக்கு இன்சுலின் போட்டு, இன்னொருவரைக் குளிப்பாட்டி, மூன்றாமவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டிய வேலை அது. உரிமம் தள்ளிப்போனால் அந்த வேலையும் தள்ளிப்போகும்.

சட்டம் கேட்பதும் அலுவலகம் கேட்பதும்

ஓட்டுநர் உரிமம் தொடர்பான ஜெர்மன் விதித்தொகுப்பின் 7-ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவரின் வழக்கமான வசிப்பிடம் ஜெர்மனியில் இருக்க வேண்டும் என்கிறது. சொந்த வாழ்க்கையாலும் தொழிலாலும் ஓரிடத்தோடு பிணைந்து, ஆண்டில் குறைந்தது 185 நாள்கள் அங்கே வாழ்வதுதான் வழக்கமான வசிப்பிடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறையிலிருந்து வந்த இலக்கணம் இது. வாசகத்தைக் கவனித்துப் படித்தால், அது ஒருவரின் வாழ்க்கை எங்கே நடக்கிறது என்பதைத்தான் கேட்கிறது என்று தெரியும். வேறொரு ஐரோப்பிய நாட்டில் வசித்து, படிப்புக்காக மட்டும் ஜெர்மனிக்கு வருபவருக்குக்கூட ஆறு மாதத் தங்கலைக் காட்டினால் போதும் என்று அதே பிரிவு வழி வைத்திருக்கிறது.

அலுவலக மேசையில் இந்தக் கேள்வி சுருங்கிப் போகிறது. அங்கே கடவுச்சீட்டோடு கேட்கப்படுவது, குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கான சான்று. ஜெர்மனித் தமிழர்கள் அன்றாடப் பேச்சில் ‘அன்மெல்டுங்’ என்று சொல்லும் அந்தப் பதிவு இல்லாவிட்டால் கோப்பு திறக்காது. 2015 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டாட்சிப் பதிவுச் சட்டப்படி, புதுவீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிந்தாக வேண்டும். அந்தப் பதிவுக்கு வீட்டுக்காரர் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வீட்டுக்காரரின் பெயர், முகவரி, குடிவந்த தேதி, வீட்டின் முகவரி, குடிவந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், கீழே ஒப்பம். ஒரே பக்கம்தான். நாட்டின் நிர்வாக வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

தனி வீடு, நேரடி ஒப்பந்தம், நாணயமான வீட்டுக்காரர் என்று அமைந்தவருக்கு இது அரைமணி நேர வேலை. புதிதாக வருபவருக்கு அப்படி அமைவது அரிது. பெருநகரங்களில் வாடகை வீட்டுக்கு இருக்கும் தட்டுப்பாட்டில், முதல் சில மாதங்களை உள்வாடகை அறையிலும் நண்பர் வீட்டு ஹாலிலும் குறுகிய கால விடுதியிலும் கழிப்பவர்கள்தான் அதிகம். வாடகை விளம்பரங்களைத் திறந்து பார்த்தால் சதுர மீட்டர், வாடகை, முன்பணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘அன்மெல்டுங் முடியாது’ என்ற வரி சர்வசாதாரணமாகக் கண்ணில் படும். உள்வாடகைக்கு விடுபவர் மூல உரிமையாளருக்குத் தெரியாமல் விட்டிருப்பார். அல்லது வருமானத்தைக் கணக்கில் காட்ட விரும்பமாட்டார். காரணம் எதுவானாலும் விளைவை ஏற்பவர் குடியிருப்பவர்தான். பிறகு வந்து சேரும் மனைவி அல்லது கணவருக்கு நிலைமை இன்னும் சிக்கல். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இராது. தாளில் அவர் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி வீட்டுக்காரரை மறுபடி கேட்க வேண்டும். இத்தனை பேருக்கு அறை விட்டதாக எனக்கு நினைவில்லை என்று அவர் இழுத்தால், பதிவும் இழுபடும். பதிவைப் பின்தொடரும் எல்லாமும் இழுபடும்.

ஒரே வாழ்க்கைக்கு இரண்டு கணக்கு

இந்தத் தாமதம் வெறும் அலைச்சலோடு போவதில்லை. இந்திய, இலங்கை உரிமங்களோடு ஜெர்மனி வருபவர்கள் அங்கே வசிப்பிடம் அமைந்த நாளிலிருந்து ஆறு மாதம் மட்டுமே அந்த உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். அதற்குப் பிறகு ஜெர்மன் உரிமம் வேண்டும். மொத்தமாகவே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று காட்டக்கூடியவருக்கு மட்டும் இன்னொரு ஆறு மாதம் நீட்டிப்பு உண்டு. சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் ஜெர்மனியின் சலுகைப் பட்டியலில் இருப்பதால் அந்த நாட்டு உரிமத்தைக் கொடுத்து ஜெர்மன் உரிமம் வாங்கிவிடலாம். இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை. ஆகவே, சென்னைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். பல ஆண்டு ஓட்டியவருக்கும் விலக்கு கிடையாது. கட்டாயப் பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கை மட்டும் அவர்களுக்குப் பொருந்தாது.

என் வாதம் இந்த ஆறு மாதத்தைப் பற்றியது. ஆறு மாதத்தை எண்ணத் தொடங்கும்போது சட்டம் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. ஒருவர் உண்மையில் எப்போது அங்கே வாழத் தொடங்கினார் என்பதைப் பார்க்கிறது. வேலை ஒப்பந்தம் கையில், குடியேறும் எண்ணத்தோடு வந்து இறங்கியவருக்குக் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. பதிவு இல்லை என்பது அதை நிறுத்தாது. அதே மனிதர் அதே நாளில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போனால், நீங்கள் இங்கே வசிப்பதற்குச் சான்று எங்கே என்று கேள்வி வருகிறது. உரிமையைப் பறிக்கும் கணக்கில் அவர் ஜெர்மனிவாசி. உரிமையைத் தரும் கணக்கில் அவர் இன்னும் ஜெர்மனிவாசி ஆகவில்லை. ஒரே வாழ்க்கையை அரசு தன் வசதிக்கு ஏற்ப இரண்டு விதமாக எண்ணுவது நியாயம் இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கோவையிலிருந்து ஒரு பொறியாளர் ஜனவரி முதல் வாரம் ஸ்டுட்கார்ட் வந்து வேலையில் சேர்கிறார். முதல் இரண்டு மாதம் பதிவு செய்ய முடியாத தற்காலிக அறை. மார்ச்சில் வீடு கிடைக்கிறது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் கையெழுத்து மாதக் கடைசியில் வருகிறது. குடியிருப்பு அலுவலகத்தில் நேரம் கிடைத்துப் பதிவு முடியும்போது ஏப்ரல் பாதி. அதற்குள் கண் பரிசோதனை, ஒன்பது பாடவேளை முதலுதவி வகுப்பு, உரிமத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஆகியவற்றை அவர் முடித்து வைத்திருக்கிறார் என்றே கொள்வோம். உரிம அலுவலகம் கோப்பைப் பரிசீலித்துத் தேர்வுக்கு அனுமதி தர ஜூன் ஆகிறது. எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். பத்துப் பிழைப்புள்ளிகளுக்கு மேல் வாங்கக் கூடாது. ஜெர்மனோடு ஆங்கிலம், துருக்கியம், அரபு உள்ளிட்ட பன்னிரண்டு அயல்மொழிகளில் எழுதலாம். தமிழ் அதில் இல்லை. தேறிவிட்டார். சாலைத் தேர்வுக்குத் தேதி ஆகஸ்டில்தான். ஜூலை முதல் வாரத்தோடு அவருடைய ஆறு மாதம் முடிந்துவிட்டது. எந்த இடத்திலும் அவர் சோம்பவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் ஜூலையில் ஒருநாள் காரை எடுத்தால் அவர் குற்றவாளி.

குற்றவாளி என்பது மிகையான சொல் இல்லை. செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டுவது ஜெர்மனியில் போக்குவரத்து அபராதத்தோடு முடிகிற தவறு அன்று. போக்குவரத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ பணத்தண்டமோ விதிக்கத்தக்க குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடம் 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்க முடியும். தண்டனை நாள்கணக்கில் 90-ஐத் தாண்டினால் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்திலும் அது குறுக்கே நிற்கும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும் என்று அதன் அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி, ஆறு மாதத்துக்குப் பிறகும் ஓட்டுபவர்கள் நம்மவர்களில் உண்டு. அந்த அனுமதி மூல உரிமத்துக்கான மொழிபெயர்ப்பு போன்றதுதான்; காலக்கெடுவை அது ஒரு நாள்கூட நீட்டாது. விடுமுறையில் ஊருக்குப் போய் உரிமம் எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்ற யோசனையும் உதவாது. உரிமம் வழங்கப்பட்ட நாளில் வசிப்பிடம் ஜெர்மனியில் இருந்தால், அந்த வெளிநாட்டு உரிமம் அங்கே செல்லாது.

காவலர் நடைமுறையில் பதிவுத் தேதியைத்தானே பார்ப்பார், பிறகென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். சாலையோரச் சோதனையில் அப்படி நடக்கலாம். விபத்துக்குப் பிறகு வழக்கறிஞர்களும் காப்பீட்டு நிறுவனமும் நாள்களை எண்ண உட்காரும்போது, விசா முத்திரையும் சம்பளச் சீட்டும் மேசைக்கு வந்துவிடும். அதிகாரிகளின் கண்டும் காணாமையை நம்பி ஒரு குடும்பம் சாலையில் இறங்குவது பாதுகாப்பான ஏற்பாடு ஆகாது.

செக் எல்லையில் கற்ற பாடம்

வசிப்பிட நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது ஏன் இவ்வளவு இறுக்கமாகப் பார்க்கப்படுகிறது என்பதை மறந்துவிட்டுப் பேசவும் கூடாது. 2000-களில் ஜெர்மனியில் குடித்துவிட்டு ஓட்டி உரிமத்தைப் பறிகொடுத்த பலர், அதைத் திரும்பப் பெறத் தேவையான மருத்துவ-உளவியல் பரிசோதனைக்குப் பயந்து, செக் குடியரசுக்கும் போலந்துக்கும் போய்ப் புதிய உரிமம் வாங்கிவந்தார்கள். உறுப்பு நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்க வேண்டும் என்பது ஒன்றிய விதி. 2004-இல் காப்பர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியை இறுக்கமாகவே பிடித்தது. ஜெர்மன் அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2008 ஜூனில், வீடெமான் வழக்கிலும் ட்செர்ஹெ வழக்கிலும், நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. வழங்கிய நாட்டில் உரிமம் பெற்றவர் வசிக்கவில்லை என்பது அந்த உரிமத்திலேயே எழுதியிருந்தாலோ, வழங்கிய நாடு தரும் மறுக்க முடியாத தகவலிலிருந்து தெரிந்தாலோ, அதை ஏற்க மறுக்கலாம் என்றது. செக் நாடு வழங்கிய உரிமத்திலேயே ஜெர்மன் முகவரி அச்சாகியிருந்த விந்தையெல்லாம் அந்த வழக்குகளில் வெளிவந்தது.

சாலையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இந்த வரலாற்றுக்கு மதிப்பு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், அதில் ஏமாற்றியவர்கள் யார்? ஜெர்மனியில் ஆண்டாண்டாக முறையாகப் பதிவு செய்து வாழ்ந்தவர்கள். அவர்கள் தப்ப நினைத்தது ஜெர்மன் பரிசோதனையிலிருந்து. நாம் பேசிக்கொண்டிருப்பவர்களோ ஜெர்மனியில்தான் வாழ்கிறார்கள், ஜெர்மனியில்தான் வரி கட்டுகிறார்கள், ஜெர்மன் தேர்வை எழுத விடுங்கள் என்று வரிசையில் நிற்கிறார்கள். பரிசோதனையிலிருந்து ஓடியவருக்காக இறுக்கிய பூட்டு, தேர்வுக்கு ஓடிவருபவரை வெளியே நிறுத்துகிறது. அந்த வழக்குகளில் நீதிமன்றம் தேடியதும், உரிமம் பெற்றவர் நிஜமாக எங்கே வாழ்ந்தார் என்பதைத்தான். அதே தேடல் புதியவரின் கோப்பிலும் நடக்கட்டும் என்பதே கோரிக்கை.

போலி முகவரிகள் பெருகும் என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு நான் மாறுபட்ட பதிலைச் சொல்வேன்: போலி செய்ய எளிதானது இன்றிருக்கும் வீட்டுக்காரர் தாள்தான். நோட்டரி வேண்டாம், முத்திரை வேண்டாம், ஒரு கையெழுத்து போதும். அது விலைக்கு விற்கப்படும் ஆபத்தைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. குடியிருக்காதவருக்கு முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம் என்று எழுதிவைத்திருப்பது அதனால்தான். இதற்கு மாறாக மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், சமூகப் பாதுகாப்புக் கணக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று ஆகியவற்றின் பின்னால் ஒவ்வொரு நிறுவனம் நிற்கிறது. ஒன்றைப் பொய்யாக்கினால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். நான்கு திசையிலிருந்து வரும் சான்றுகளை மறுத்துவிட்டு ஒரு தனிமனிதரின் கையெழுத்தை மட்டும் நம்புவது மோசடித் தடுப்புக்கும் உதவாது.

சாலைப் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு அமெரிக்காவில் ஓர் அனுபவம் இருக்கிறது. சட்டப்படியான தங்கும் அனுமதியைக் காட்ட இயலாதவர்களுக்கும், அடையாளத்தையும் மாநிலத்தில் வசிப்பதையும் காட்டினால் உரிமம் தரலாம் என்று கலிபோர்னியா 2015 ஜனவரி முதல் வழிசெய்தது. எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எல்லோருக்கும் போலவே. முதல் ஆண்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்றார்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இதனால் விபத்துகள் கூடவில்லை என்றும், மோதிவிட்டு நிற்காமல் ஓடும் சம்பவங்கள் 7 முதல் 10 சதவீதம் குறைந்தன என்றும் கண்டது. காரணம் புரியக்கூடியதே: உரிமம் உள்ளவருக்கு நின்று பதில் சொல்லப் பயமில்லை. ஜெர்மனியில் நாம் பேசுவது முறையான விசாவோடு வந்தவர்களைப் பற்றி. அவர்கள் விஷயத்தில் கலிபோர்னியாவை விடவும் இறுக்கமாக இருக்கத் தேவை என்ன? இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்ட வேண்டியிருக்கிறது. பனியிலும் வேகக் கட்டுப்பாடற்ற நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் தேர்வு அவசியம். தேர்வை விரைவில் எழுத வைப்பதுதான் பாதுகாப்பு.

நீதிமன்றம் காட்டிய வழி

தாளைவிட உண்மைக்கு மதிப்புத் தரும் போக்கு ஜெர்மன் சட்டத்துக்குப் புதியதும் இல்லை. புகலிடம் கோரியவர் உரிமத்துக்கு விண்ணப்பித்த ஒரு வழக்கில், 2016 செப்டம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. புகலிட விசாரணைக் காலத்தில் அரசு வழங்கும் படத்தோடு கூடிய தங்கல் சான்றிதழில் உள்ள விவரங்கள் அவரே சொன்னவையாக இருந்தாலும், அடையாளச் சான்றாக அதை ஏற்கலாம் என்றது. கடவுச்சீட்டு இல்லாமல் வந்து, ஆண்டுக்கணக்கில், நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ‘டுல்டுங்’ காகிதத்தோடு காலம் கழித்த ஈழத் தமிழர்களுக்கு இப்படியொரு தீர்ப்பின் அருமை தெரியும். 1980-களிலும் 90-களிலும் ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவே அனுமதி கேட்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். முகவரி என்பது அரசு ஒருவரைக் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகலாம் என்பதைச் சொந்த வாழ்வில் கண்டவர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகளும் வசிப்பிடம் என்ற பிடியைத் தளர்த்துகின்றன. வேறொரு உறுப்பு நாட்டில் வசித்து, அந்நாட்டு மொழியில் தேர்வெழுத இயலாத ஒன்றியக் குடிமக்கள், சில நிபந்தனைகளோடு தங்கள் குடியுரிமை நாட்டிலேயே கார் உரிமத் தேர்வை எழுதலாம் என்கின்றன அவை. தன் குடிமக்களுக்காக வசிப்பிட விதியில் விலக்கு காணும் ஒன்றியம், அழைத்து வந்த பணியாளர்களைப் பற்றி யோசிக்கவில்லை. இந்தியாவிலும் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. வசிக்கும் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றிருந்ததை, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், மாநிலத்தின் எந்த உரிம அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றியது. ஜெர்மனியில் விண்ணப்பம் இன்னும் வசிக்கும் ஊரின் அலுவலகத்தோடு ஒட்டியே கிடக்கிறது. பாதியில் வேலை மாறி ஊர் பெயர்ந்தால் கோப்பும் பெயர வேண்டும். அது வந்து சேரும்வரை விண்ணப்பதாரர் காத்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் மாற வேண்டியது கடிகாரம். தங்கும் அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாக ஜெர்மன் குடியேற்றச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு கொள்கிறது. அதற்கொரு தற்காலிகச் சான்றும் தரப்படுகிறது. அதே ஏற்பாட்டை ஓட்டுநர் உரிமத்துக்கும் கொண்டுவரலாம். ஆறு மாதத்துக்குள் முழுமையான விண்ணப்பத்தைக் கொடுத்து, தேர்வுக்கு முன்பதிவும் செய்தவருக்கு, முதல் சாலைத் தேர்வின் முடிவு வரும்வரை வெளிநாட்டு உரிமம் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தேர்வில் தோற்றால் அன்றே அந்தச் சலுகை முடியட்டும். செலவைக் குறைக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வரும்போதே இதையும் சேர்ப்பது சுலபம்.

அடுத்தது சான்று. 185 நாள் வசிப்பைக் காட்டுவதற்குப் பதிவுச் சான்று ஒரு வழியாக இருக்கட்டும். அது இல்லாதபோது வேலை ஒப்பந்தத்தோடு சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம், சேர்க்கைச் சான்று ஆகியவற்றில் ஏதேனும் இரண்டைக் காட்டினால் கோப்பைத் திறக்க வேண்டும் என்று எல்லா உரிம அலுவலகங்களுக்கும் கூட்டாட்சி அமைச்சகம் பொதுவான வழிகாட்டுதல் தரலாம். உரிம அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அலுவலகத்தின் கவலையும் தீரும்.

வீட்டுக்காரர் தாள் தர மறுத்தால் அதை உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இன்றைய சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மறுக்கும் வீட்டுக்காரருக்கு 1,000 யூரோ வரை அபராதமும் உண்டு. வீட்டை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இந்த வழியைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். குடியிருப்பவர் புகார் சொன்னதாக வீட்டுக்காரருக்குத் தெரியாதபடி, அலுவலகமே நேரடியாக அவருக்கு எழுதிக் கேட்டால் இந்தத் தயக்கம் குறையும். தாள் வரும்வரை, தகவல் கொடுத்த தேதியைக் குறித்து ஒரு ரசீது தரலாம். உரிம அலுவலகம் அந்த ரசீதை ஏற்று வேலையைத் தொடங்கலாம்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஜெர்மனிக்குச் செவிலியர்களையும் பொறியாளர்களையும் அனுப்பும் தமிழ்நாட்டு நிறுவனங்களும், அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அமைப்புகளும், மொழிப் பயிற்சியோடு இந்த ஆறு மாதக் கணக்கையும் சொல்லி அனுப்ப வேண்டும். உரிமத்தின் மொழிபெயர்ப்பை வந்த வாரத்திலேயே முடிப்பது, முதலுதவி வகுப்பையும் கண் பரிசோதனையையும் பதிவுக்குக் காத்திராமல் முடிப்பது, ‘அன்மெல்டுங் முடியாது’ என்ற வரியுள்ள அறைக்கு முன்பணம் கொடுக்காதிருப்பது ஆகியவற்றை விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு அழைக்கும் நிறுவனம் முதல் மூன்று மாதத்துக்குப் பதிவு செய்யத்தக்க தங்குமிடம் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். ஆள் கிடைக்காமல் தவிக்கும் நிறுவனங்களிடம் இதைக் கேட்க இது நல்ல தருணம். ஆறு மாதம் கடந்துவிட்டாலும் தேர்வெழுதி உரிமத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுவதில்லை, அதுவரை ஓட்டக் கூடாது என்பதுதான் விதி. ஜெர்மனியில் பல ஆண்டுகளாக வாழும் ஈழத் தமிழர்களின் சங்கங்களும் ஆலயங்களும் இந்தச் செய்தியைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு, புதிதாக வருபவர் கையில் கொடுக்கலாம். குடியிருப்பு அலுவலகங்களிலும் அதை வைக்கும்படி நகராட்சிகளைக் கேட்கலாம்.